அப்பாவுக்குக் கிடைத்த தீர்ப்பு

எங்கள் சங்கத்துச் செயலாளர் ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்து, இந்த வருடப் பட்டிமன்றத்துக்கு ஜெர்மன் போலீஸை எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது, கையிலிருந்த ஈரத்துணியை அவர் மேல் உதறலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாடகை வீட்டில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். வாரம் முழுக்க பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போய் ஆறாம் படிவத்துப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால், எனக்கென்று மிஞ்சுவது சனி, ஞாயிறுதான். அதையும் சங்கத்துக்காரர்கள் விட்டுவைக்க மாட்டார்கள்.

"டீச்சர், இந்தத் தடவ இண்டர்நேஷனலா போறோம் லா," என்று சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டிவியில பார்த்தேன். யுத்த காலத்து ஜெர்மன். போலீஸ் பண்ண அநியாயம். ரெண்டு நாளா தூக்கமே வரல. தலைப்புகூட ரெடி. கொடுமைக்குப் பெரிதும் காரணம் ஆணையிட்டவரா, நிறைவேற்றியவரா? எப்படி?"

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அதற்கு முந்தைய மூன்று வருடமும் குடும்பத்தின் மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்பதையே முன்னும் பின்னுமாகத் திருப்பிப் போட்டுப் பேசியிருந்தார்கள். நான்காம் வருடமும் அதையே வைத்தால் மிக்சர் பொட்டலத்துக்காகக்கூட ஆள் வராது. ஆனால் கணவன் மனைவியை விட்டு நேராகப் படுகொலைக்குத்தான் தாவ வேண்டுமா? நடுவில் வேறு விஷயமே கிடைக்கவில்லையா?

போதாத காலம், பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் நான் ஆய்வேடு எழுதியது இதைப் பற்றித்தான். அது அவருக்குத் தெரியும். நானும் வாத்தியார் புத்தியில் விளக்க ஆரம்பித்தேன். அந்த ஆட்சியில் வட்டாரத்துக்கு ஒரு தலைவரை வைத்திருந்தார்கள். தெருவில் நின்று போக்குவரத்தைப் பார்க்கும் சீருடைப் போலீஸ், ஆளைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போகும் ரகசியப் போலீஸ், கட்சியின் கறுப்புச் சட்டைப் படை எல்லாமே அவருடைய ஒரே கைக்குள் இருந்தன. படையெடுத்துப் பிடித்த நாடுகளிலும் இதே ஏற்பாடுதான், அங்கே இவருக்குக் கீழே இன்னும் சின்ன வட்டாரங்களுக்குச் சின்னத் தலைவர்கள். அந்த நாட்டை நிர்வாகம் செய்ய அனுப்பிய ஆளுநருக்குக்கூட இவர் உண்மையில் கட்டுப்பட்டவரில்லை. தலைநகரில் இருந்த போலீஸ் பெருந்தலைவருக்குத்தான் பதில் சொல்வார். யூதர்களை வீட்டைவிட்டுக் கிளப்பியது, ரயிலேற்றியது, ஊருக்கு வெளியே குழிக்கு முன்னால் நிறுத்திச் சுட்டது என்று எல்லாவற்றிலும் இந்த வட்டாரத் தலைவர்களின் கை இருந்தது. மேலிடத்து ஆணையை வாங்கியவரும் அவர்தான், அதைக் கீழே ஆணையாக இட்டவரும் அவர்தான். சில சமயம் மேலே கேட்காமலே செய்துவிட்டுப் பிறகு பெருமையாக அறிக்கை அனுப்பியவரும் அவர்தான். ஆணையிட்டவரா நிறைவேற்றியவரா என்று அந்த ஆளை எப்படி இரண்டாக வெட்டுவது என்று கேட்டேன்.

செயலாளர் முறுக்கைக் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்கு டீச்சர். இதையே பேசுங்க. ஆனா ரெண்டு அணி வேணும் லா. ஒரு பக்கம் மூணு பேரு, இந்தப் பக்கம் மூணு பேரு, நடுவுல நடுவரு. கொஞ்சம் சிரிப்பும் வேணும். குழி எல்லாம் ரொம்ப வேணாம், அன்னிக்குச் சாப்பாடு இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஒரு ஆளாய் நானும் பேசுறன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மலாயாவில் போலீஸில் சேர்ந்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். இத்தனை வருடத்தில் அவருடைய பேச்சும் மாறவில்லை, வாய் திறக்காத குணமும் மாறவில்லை. கல்யாண வீட்டில் மேடையேறி நாலு வார்த்தை வாழ்த்தச் சொன்னால் வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்துவிடுகிற மனிதர். செயலாளருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவும் மகளும் ஒரே அணியில் பேசினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

"எந்த அணி?" என்று கேட்டேன்.

"ஆணையிட்டவனிலதான் பிழை எண்டு சொல்லுற பக்கம்," என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தில் செயலாளருக்குத் தேநீர்கூடப் போட்டுக் கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் இருந்தார். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தின் துணைத்தலைவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் சின்னப் பையன். அவருடைய அண்ணனும் என் அப்பாவும் ஒரு வயதுக்காரர்கள், சாயங்காலத்தில் கிள்ளான் திடலில் ஒன்றாகப் பந்தடித்தவர்கள். அந்த அண்ணனை ஒரு நாள் கிள்ளான் சந்தைப் பக்கம் வளைத்துப் பிடித்து, லோரியில் ஏற்றி, சயாம் காட்டில் ஜப்பான்காரன் போட்ட ரயில்பாதை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படிப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களைப் போல அவரும் திரும்பவில்லை. லோரிக்குப் பின்னால் கம்பைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்ற இளம் போலீஸ்காரர்களில் என் அப்பாவும் ஒருவர். சந்தையில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

லோரிக்குள் யார் யார் இருந்தார்கள் என்று தெரியாது, யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை என்பதுதான் அப்பா எப்போதும் சொல்வது. அந்தத் துணைத்தலைவர் ஏறக்குறைய நாற்பது வருடமாக அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேரும் ஒரே கோயிலில் கும்பிட்டார்கள், ஒரே கடையில் பேப்பர் வாங்கினார்கள். என் அம்மா இறந்தபோது அவர் வந்தார், பாடைக்குத் தோள்கூடக் கொடுத்தார். அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்காமலே போய்விட்டார். என்னிடம் நன்றாகப் பேசுவார். "என்னா டீச்சர், பஸ்ஸு கெடைச்சிச்சா?" என்று கேட்பார். அப்பா பக்கத்தில் நின்றால் ஆகாயத்தைப் பார்ப்பார்.

அப்பாவுக்கு இது எவ்வளவு வலி என்பதை நான் அம்மாவின் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன். சாகும்முன் அந்த மனிதன் ஒரு தரம் தன்னோடு பேசவேண்டும் என்பது ஒன்றுதான் அப்பாவின் ஆசை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சரி, அந்த ஆசைக்கு என்ன செய்ய வேண்டும்? இரண்டு தெரு நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டும். அதைச் செய்யமாட்டார். ஊர் கூடிய மண்டபத்தில், ஒலிபெருக்கி வைத்து, துணைத்தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ஒரு நடுவர் வந்து பிழை மேலிடத்தில்தான் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். இப்படி ஒரு யோசனை வேறு யாருக்காவது வருமா?

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டேன்.

"அப்பா, பட்டிமன்றத்துத் தீர்ப்பைக் கேட்டு அவர் மனசு மாறிடுவார்னு நினைக்கிறீங்களா?"

"ஒரு பொது ஆள் சொன்னால் கேப்பார்."

"அது விளையாட்டு அப்பா. போன வருஷம் மனைவிதான் உசத்தின்னு தீர்ப்புச் சொன்னாங்க. யாராவது வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாங்களா?"

அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் எதுவும் பெயராது.

பயிற்சி என்று ஒன்று நடந்தது, எங்கள் வீட்டுக் கூடத்தில். எங்கள் அணியின் மூன்றாமவர் வரவேயில்லை. அவர் காப்புறுதிப் பாலிசி விற்பவர், மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நான் குறிப்புகளைப் படித்தேன், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் சாதாரணப் போலீஸ்காரர்களைப் பற்றி அவர் நிறையக் கேட்டார். நடுவயதுக்காரர்கள், குடும்பஸ்தர்கள், போருக்கு முன் துறைமுகத்திலும் கடையிலும் வேலை பார்த்தவர்கள் என்று சொன்னேன். தலையாட்டினார். பிறகு பேப்பரை மடித்து வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாட்டன் எண்டு சொன்னவனுக்கு என்ன நடந்தது?"

"பெரும்பாலும் ஒன்னும் நடக்கல அப்பா. கோழைன்னு திட்டினாங்க. வேற வேலைக்கு மாத்தினாங்க. சுடமாட்டேன்னு சொன்னதுக்காகவே ஒருத்தனைக் கொன்னாங்கன்னு பிறகு நடந்த விசாரணையில யாராலயும் காட்ட முடியல."

அப்பா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"ஜப்பான்காரன் அப்பிடி மாத்திறவனில்லை, பிள்ளை. தலையை எடுத்துப்போடுவான்."

அது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. "அப்படின்னா அதைப் போய் அவர்கிட்ட சொல்லுங்களேன். உயிருக்குப் பயந்து நின்னேன்னு சொன்னா அவருக்குப் புரியாதா?"

"பயந்தனான் எண்டு ஒரு பொலிஸ்காரன் போய்ச் சொல்லுறதோ?" என்று எழுந்து போய்விட்டார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நாற்பது வருடம் ஒருவன் முகம் திருப்பிக்கொண்டு போனது பரவாயில்லை, பயந்தேன் என்று சொல்வதுதான் அவமானம்!

பட்டிமன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சங்கத்து மண்டபத்தில். செயலாளர் அடித்து ஒட்டியிருந்த சுவரொட்டியில் தலைப்பு யானை அளவுக்கு இருந்தது, ஜெர்மனி என்ற சொல் எறும்பு அளவுக்கு இருந்தது. ஓரத்தில் ஒரு மீசையை மட்டும் வரைந்து வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் இதுவும் கணவன் மனைவி விஷயம்தான் என்று நினைத்து வந்ததாக எனக்குச் சந்தேகம்.

மேடைக்குப் பின்னால் பொன்னாடைகள் அடுக்கியிருந்தன, மஸ்ஜித் இந்தியா தெருக் கடையில் வாங்கியவை, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. நான் சீட்டுகளைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, செயலாளர் நடுவரிடம் மெல்லப் பேசியது காதில் விழுந்தது.

"அண்ணே, சிறப்பு விருந்தினர் டத்தோ போலீஸ்ல இருந்தவரு. நிறைவேற்றினவங்க மேல தீர்ப்பு வந்தா அவருக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆணையிட்டவங்க பக்கமே முடிச்சிடுங்க. கட்டட நிதிக்கு அவருதான் பணம் தர்றதா சொல்லியிருக்காரு."

"அதுக்கென்ன, முடிச்சிடுவோம்," என்றார் நடுவர்.

அப்படியென்றால் அப்பா இவ்வளவு நாளாக ஏங்கிக்கொண்டிருந்த தீர்ப்பு, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு விருந்தினரின் முகம் சுருங்கக்கூடாது என்பதற்காக முன்கூட்டியே கிடைத்துவிட்டது. அப்பா மேடையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, பழைய போலீஸ் சங்கத்துக் கழுத்துப்பட்டி. அவரிடம் போய் இதைச் சொல்லி என்ன பயன்? இதற்கெல்லாம் மேல், முன்வரிசையில் டத்தோவுக்குப் பக்கத்து நாற்காலியில் துணைத்தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்துவது அவர் பொறுப்பு.

நடுவர் நகைச்சுவையோடு ஆரம்பித்தார். எதிரணியில் முதலில் பேசியவர், ஜெர்மன் மேலிடம் மாமியார் மாதிரி, வட்டாரப் போலீஸ் தலைவர் மகன் மாதிரி, மாமியார் சொன்னாலும் மருமகளை அடிப்பது மகன் கைதானே என்றார். மண்டபம் குலுங்கியது. எங்கள் காப்புறுதிக்காரர் எழுந்து, பெற்ற அம்மா பேச்சைத் தட்ட முடியுமா என்று கேட்டார். மறுபடியும் குலுங்கியது. டத்தோ கண்ணீர் வரச் சிரித்தார். சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டே பேர், ஒருவர் என் அப்பா, இன்னொருவர் துணைத்தலைவர். இரண்டு பேரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. வட்டாரத் தலைவர்களைப் பற்றிச் சொன்னேன். ஒரே மனிதன் கையில் எல்லாப் போலீஸும் வந்து சேரும்போது, இது என் வேலையில்லை என்று தட்டிக்கழிக்க இன்னொரு அலுவலகமே இல்லாமல் போனதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமியார் கதை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. "இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுடமாட்டேன் என்று மறுத்தவர்களைப் பெரும்பாலும் வேறு வேலைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். மறுக்க வழி இருந்தது. மறுக்காதவர்கள்தான் அதிகம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

காப்புறுதிக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டார். நடுவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "டீச்சர் சேம் சைடு கோல் போட்டுட்டாங்கய்யா!" என்றார். கைதட்டலும் விசிலும் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் துணைத்தலைவர் முதல் தடவையாக நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அவர் பார்த்தது என்னை இல்லை, எனக்கு அடுத்துப் பேச எழுந்த அப்பாவை.

அப்பா ஒலிபெருக்கி முன்னால் நின்றார். கையில் குறிப்பு ஒன்றும் இல்லை. பேசுகிறவர்களுக்கு நேரம் முடிந்தால் மணி அடிப்பது செயலாளர் வேலை. மேசைமேல் பூசை மணி ஒன்று இருந்தது. அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு விளிக்க ஆரம்பித்தார். மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, மாண்புமிகு டத்தோ அவர்களே, சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களே. அத்தோடு விட்டிருக்கலாம். அப்பா சீருடை போட்டு வளர்ந்தவர், பதவி வரிசையில் ஒருவரைத் தாண்டி அடுத்தவருக்குப் போகத் தெரியாது. துணைத்தலைவர் என்று வந்ததும் நின்றுவிட்டார். மண்டபத்தில் விவரம் தெரிந்த பழைய ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். "மதிப்புக்குரிய துணைத்தலைவர் அவர்களே," என்று அப்பா சொல்லிவிட்டு, கையைக் கூப்பினார். துணைத்தலைவர் அசையவில்லை. பிறகு பொருளாளர், மகளிர் பிரிவுத் தலைவி, செயற்குழு, எதிரணியினர், தாய்மார்கள், இளைஞர்கள், ஒலிபெருக்கிக்காரர்.  போதும் அப்பா, விஷயத்துக்கு வாங்க என்று பின்னாலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தேன்.

"ஜெர்மன்காரன்ர கதையை என்ர மகள் சொல்லிப்போட்டா," என்றார் கடைசியில். "நான் கிள்ளான்ல நடந்த ஒண்டைச் சொல்ல வந்தனான். ஜப்பான்காரன்ர காலம். சந்தைக்குப் பின்னால ஒரு லொறி நிண்டது. அதுக்குப் பின்பக்கம் நான் நிண்டனான். இவ்வளவு காலமும் நான் சொல்லி வந்தது என்னெண்டால்..."

செயலாளர் மணியை அடித்தார்.

அடித்தவர் தன் கடமையைச் செய்தார், அவருக்கு மேசைமேல் இருந்த கடிகாரம் மட்டும்தான் தெரிந்தது. நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று கையை ஆட்டினேன். நேரமாச்சு என்று அவரும் கையை ஆட்டினார். இதற்குள் அப்பா வாயை மூடிவிட்டார். ஒரு நிமிடம் என்று கேட்டிருக்கலாம். எங்கள் ஊர் மேடையில் மணி அடித்த பிறகு பேசாதவர் யார்? மணி அடித்த பிறகுதான் பலர் பேசவே ஆரம்பிப்பார்கள். அப்பா ஒருவர்தான், மணிச்சத்தம் கேட்டதும் "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு, வாக்கியத்தைப் பாதியில் விட்டு, திரும்பி நடந்து வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகைதான்.

நடுவர் தீர்ப்புச் சொன்னார். அம்பை நோவானேன், எய்தவனைத்தானே கேட்க வேண்டும் என்று இழுத்து இழுத்துப் பேசி, கொடுமைக்குப் பெரிதும் காரணம் ஆணையிட்டவரே என்று முடித்தார். டத்தோ பலமாகக் கைதட்டினார். காப்புறுதிக்காரர் எழுந்து என் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவின் கை வெறுமனே கிடந்தது.

பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. துணைத்தலைவர் மேடையேறி ஒவ்வொருவருக்கும் போர்த்திக்கொண்டு வந்தார். எனக்குப் போர்த்தும்போது வழக்கம்போல் சிரித்தார். அப்பாவிடம் வந்ததும், இவர் தாண்டிப் போய்விடுவாரோ, பொன்னாடையைக் கீழே போட்டுவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விரித்துப் போர்த்தினார். நுனியை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மெல்லச் சொன்னார்.

"முடிக்கலையே நீங்க."

அவ்வளவுதான். அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். செயலாளரை, நடுவரை, மாமியார் கதையை, எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பொருளாளரையும் ஒலிபெருக்கிக்காரரையும் விளித்ததை. நடுவருக்குச் செயலாளர் சொன்னதையும் போட்டு உடைத்துவிட்டேன். அப்பா பொன்னாடையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"எனக்குத் தெரியும், பிள்ளை. டத்தோ வந்து இருந்த உடனேயே தெரியும். நான் பொலிஸில இருந்தவன்."

"தெரிஞ்சுமா அங்க உட்கார்ந்திருந்தீங்க?"

அவர் நடையை எட்டிப் போட்டார். வீடு வந்ததும் பொன்னாடையைக் குப்பைக் கூடைக்குமேல் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அலமாரியில் வைத்துவிட்டார். சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. காலையில் நான் கோப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வெளியே கிளம்பினார். பேப்பர் வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். பேப்பர் கடை இடதுபக்கம், அவர் வலதுபக்கம் திரும்பினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, தலைகூட வாராமல் பின்னாலேயே ஓடினேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவார் என்று பயம்.

துணைத்தலைவர் தன் வீட்டு முன்னால் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அப்பா கம்பிக்கதவுக்கு வெளியே நின்றார். அவர் உள்ளே கூப்பிடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. ஆனால் சக்கரத்தைச் சுற்றுவதை நிறுத்தினார். அப்பா விளிக்கவில்லை. நேராகச் சொன்னார்.

"முகத்தைப் பார்க்கேல்லை எண்டு நான் சொன்னது பொய். உங்கட அண்ணனைப் பார்த்தனான். லொறியில ஏத்தேக்கையே பார்த்தனான்."

"தெரியும்," என்றார் அவர்.

அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயம். ஜப்பான்காரச் சார்ஜன்ட் பக்கத்தில நிண்டவன். நான் றோட்டையே பார்த்துக்கொண்டு நிண்டனான். அவர் என்னைக் கூப்பிட்டவர்."

எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார். "என்னான்னு கூப்பிட்டாரு?"

"என்ர பேரைச் சொல்லி. திடலில பந்தைக் கேக்கிற மாதிரித்தான் கூப்பிட்டவர். நான் திரும்பேல்லை. லொறி வெளிக்கிட்ட பிறகும் கூப்பிட்டது கேட்டது."

தெருவில் ரொட்டிக்காரன் மோட்டார் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனான். துணைத்தலைவர் எண்ணெய்க் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். அவர் முகம் கோணிக்கொண்டு போனது. அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

"எங்கம்மா சாகிற வரைக்கும் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க," என்றார். "புள்ள போகும்போது அழுதானா, ஏதாச்சும் சொன்னானா, யாரையாச்சும் கூப்பிட்டானான்னு. சந்தைக்கு வந்தவங்க போனவங்க எல்லாத்துக்கிட்டயும் கேட்டாங்க. உங்க வீட்டு வாசலுக்கும் ஒரு தரம் வந்தாங்க, நீங்க வெளியே வரல."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க போயே பன்னெண்டு வருஷம் ஆச்சு. இப்ப வந்து சொல்றீங்க. நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?"

நாற்பது வருடத்துக்குப் பிறகு, அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்.